ராக்கெட்டும் ஒரே ஒரு ரசிகரும்

மருதமுத்து அன்றைக்கு நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மேடையில் நின்ற காசிவிஸ்வநாதன் பேச்சுக்கு நடுவே அந்தப் பையையே எட்டி எட்டிப் பார்த்தார்.

பார்க்காமல் பின்னே? கூட்டத்துக்கு வந்திருந்ததே அந்த ஒருவர்தான்.

காசிவிஸ்வநாதன் ரப்பர்க் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. மனைவி அன்னம் போய் நாலு வருஷம். காஜா பெராங் வட்டாரத்தில் ஒற்றை அறை வாசம். போன ஆகஸ்டில் பிழைக்க வந்த இந்த நாட்டுக்கு முதல் சுதந்திரக் கொடி ஏறியதைக்கூடத் தன்னந்தனியாக நின்று பார்த்துவிட்டு வந்தவர். வாரத்தில் அவர் வாய்விட்டுப் பேசுவது புதன்கிழமை சாயந்திரம் வாசகசாலையில் மட்டும்தான். ருஷ்யாக்காரன் வானத்தில் செயற்கைக்கோள் விட்ட மாதம் ராக்கெட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். முதல் வாரம் முப்பது பேர். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நேரம், கம்யூனிஸ்டு முத்திரை விழுந்துவிடுமோ என்று, கூட்டம் என்றாலே பலருக்குப் பயம். பத்து பேரானார்கள், மூன்று பேரானார்கள், கடைசியில் மருதமுத்து.

ஆனால் என்ன ரசிகர்! ஒரு சொல் விடாமல் எழுதுவார். “சார், நீங்க படிக்கிற புத்தகமெல்லாம் எங்கேருந்து வருது? வேற யார் யாரு படிக்கிறாங்க? உங்க சொந்த ஊரு எது?” என்று துருவித் துருவிக் கேட்பார். அன்னத்துக்குப் பிறகு தன்னை இத்தனை கேள்வி கேட்ட ஜீவன் வேறில்லை என்று காசிவிஸ்வநாதன் ஒவ்வொன்றுக்கும் விலாவாரியாகப் பதில் சொல்வார்.

அப்படிப்பட்டவர் எழுதவில்லை என்றால்? சலித்துவிட்டது, வேறென்ன!

ஒருவேளை பேனா தொலைந்திருக்குமோ? அடுத்த புதன் ஒரு புதுப் பேனாவை வாங்கிப் போய் நீட்டினார்.

“எனக்கா சார்? ரொம்ப நன்றி லா!” மருதமுத்து அதைப் பையில் செருகிக்கொண்டார். எழுதவில்லை.

சரி, விஷயத்தையாவது கனமாக்குவோம் என்று கரும்பலகையில் இரண்டு எஞ்சின்களை வரைந்தார்.

“கேளுங்க. தரையில காத்து சுத்தி நின்னு அழுத்துது. எஞ்சின்லேருந்து வர்ற புகையை அதுவே அணைச்சுப் பிடிச்சுக்கும். வாய் சின்னதா இருந்தாப் போதும். மேல காத்தே கிடையாது. பிடிச்சுக்க ஆளில்லாம புகை கண்டபடி பக்கத்துல சிதறி வீணாப்போகும். அதான் அங்க ஓடுற எஞ்சினுக்கு வாயை நல்லா நீட்டி, அகலமா வைக்கணும். அப்பத்தான் புகை அதுக்குள்ளயே விரிஞ்சு, ஒழுங்காப் பின்னால போய், ராக்கெட்டை முன்னால தள்ளும்.”

“அதே அகல வாயைக் கீழ வச்சுக் கொளுத்தினா?”

“வெளிக்காத்து உள்ள நெருக்கிரும். எஞ்சின் உதறி உடைஞ்சாலும் உடையும்.”

“ஐயோ பாவம்,” என்றார் மருதமுத்து. அதையும் எழுதவில்லை.

மூன்றாவது புதன், செய்தே காட்டிவிடுவது என்று தீர்மானித்தார். பக்கத்துத் தெங்கேராவில் தகர வேலை செய்பவரிடம் சொல்லி அகலமான புனல் ஒன்று செய்து வாங்கினார். பால்மாவு டின்னில் ஸ்பிரிட்டை ஊற்றி, புனலை மேலே பொருத்திக் கொளுத்தினார். தீயா பாடம் கேட்கும்? குபீரென்று எழும்பி, சுவரில் தொங்கிய காலண்டரைப் பிடித்தது. மருதமுத்து கையிலிருந்த கோப்பியை வீசி அணைத்தார். பாதிக் கோப்பி, சத்தம் கேட்டு ஓடிவந்த செயலாளர் அண்ணாமலையின் வெள்ளைச் சட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

“ஒத்த ஆளுக்காக ஹாலையே கொளுத்துவீங்களா? இனிமே புதன்கிழமை இங்க கேரம்தான்!”

மருதமுத்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். அண்ணாமலை முறைத்த முறைப்பில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காசிவிஸ்வநாதன் வாசல் படியில் உட்கார்ந்தார். இனி புதனும் மற்ற நாள் மாதிரிதான். அறைக்குப் போக வேண்டும், விளக்கைப் போட வேண்டும், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் படுக்க வேண்டும். நினைக்க நினைக்க அழுகை வந்தது.

ஹால் கூட்டும் பொன்னம்மா காலண்டர்ச் சாம்பலை வாரிக்கொண்டு வந்தாள். “என்னங்கய்யா, கண்ணு கலங்குது?”

“இருந்த ஒரு ஆளும் போச்சு பொன்னம்மா. மூணு வாரமா அவரு நோட்டையே எடுக்கல. என் பேச்சு அவருக்குப் புளிச்சுப்போச்சு.”

“அட நீங்க ஒண்ணு! அவரு என் தங்கச்சி புருஷன், எனக்குத் தெரியாதா? உங்களை வேவு பாக்க அனுப்பின ரகசியப் போலீசுங்கய்யா. ‘இந்தாளால ஒரு ஆபத்தும் இல்ல’ன்னு எழுதிக் குடுத்து அந்த வேலை முடிஞ்சே மூணு வாரமாச்சு, இப்ப அவரா ஆசைப்பட்டுல்ல வர்றாரு!”