ஆறட்டும் பாயின் புறங்கை

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் எந்த இன்ஜினும் ஏமாற்ற முடியாத ஒரே மனிதர் ஆறட்டும் பாய்தான். அவரை ஏமாற்ற ஒரு பௌதிக ஆசிரியர் தேவைப்பட்டார். அந்த ஆசிரியர் நான்.

பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் அவரைத்தான் கூட்டிப்போவார்கள். போனதும், காய்ச்சல் பார்ப்பதுபோல் இன்ஜின்மேல் புறங்கையை வைப்பார். வெதுவெதுப்பு தெரிந்தால், "ஆறட்டும்" என்று துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைப்பார்கள். தேய்ந்த பிஸ்டன் ரிங்குகள் சூட்டில் விரிந்து புகையை மறைத்துவிடும். வெள்ளிமலையில் ஒரு புளி வியாபாரி ஜீப்பை மலையேற்றிக் கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நிறுத்தினார். பாய் அவர் வீட்டிலேயே மூன்று வேளை சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் பனியில்தான் அதைக் கிளப்பச் சொன்னார். வியாபாரிக்கு ஜீப்பும் விற்கவில்லை, சோறும் மிஞ்சவில்லை.

டீயையும் ஆறவைத்துத்தான் குடிப்பார். அவர் மனைவி சண்டைக்கு வந்தாலும் அதே வார்த்தைதான்.

என்னிடம் அப்பா வாங்கிய சீமைக்கார் ஒன்று இன்ஜின் செத்துக் கிடந்தது. அதே ரக இன்ஜின் ஒன்று, சிலிண்டர் கடைந்து பிஸ்டன் மாற்றியது, சின்னசேலத்தில் ஒரு அரிசி மில்காரரிடம் இருப்பதாகத் தகவல். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் அது. மூன்று நாளாகச் சேலம் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். நான்காம் நாள் பஸ் விட்டதும் பாயோடு கிளம்பினேன். சாயங்காலம் மறுபடி மறியல் என்று பேச்சு.

இன்ஜின் புதுப் பச்சைப் பெயிண்டில் மாப்பிள்ளைபோல் இருந்தது. பாய் புறங்கையை வைத்தார்.

"ஆறட்டும்."

மில்காரர் மோர் கொடுத்தார். பாய் துண்டை விரித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். கடைசி பஸ் போய்விடும் என்ற பதற்றத்தில் சொன்னேன்:

"பாய், நேத்தே நான் வந்து பாத்துட்டேன். பச்சத்தண்ணி மாதிரி இருக்கும்போதே ஸ்டார்ட் பண்ணாரு. புகையே இல்ல."

பாய் என்னைப் பார்த்தார். மில்காரரையும் பார்த்தார், அவர் பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரு பாத்திருந்தா சரிதாங்க," என்றார் பாய்.

இன்ஜினைக் கிளப்பச் சொல்லி, அதிர்வு பார்க்க அதன்மேல் எட்டணாக் காசை நிற்கவைத்தார். நின்றது. சைலன்சர் வாயில் பிடித்த கைக்குட்டையும் வெள்ளையாகவே வந்தது. வாங்கிவிட்டோம்.

மாட்டி முடித்து, ஒரு குளிர்ந்த காலையில் தெருவில் வைத்துக் கிளப்பினேன். நீலப் புகையில் எதிர்வீடு மறைந்தது. யாரோ டயரைக் கொளுத்திவிட்டார்கள் என்று போலீஸ்காரர் ஒருவர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். எதிர்வீட்டுக்காரர் இருமிக்கொண்டே, "இன்னா சார், மறியல் நம்ம தெருவுக்கே வந்துடுச்சா?" என்றார். கூட்டம் சிரித்தது. இந்த இன்ஜினைப் பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டார்கள்.

"ஆறட்டும் பாய்தான்" என்றேன்.

ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார்கள். அவர் சைலன்சரை முகர்ந்தார். "என் கை தப்பிடுச்சுங்க," என்றார், எல்லார் முன்னாலும். நான் பானெட்டை மூடினேன். அப்புறம் பத்து நாள் என் வாசலிலேயே உட்கார்ந்து ரிங்குகளை மாற்றிக் கொடுத்தார். அதோடு அந்தப் பக்கம் இன்ஜின் பார்க்க அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் அவர் பட்டறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். டீ வரவழைத்து எனக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்.

"அப்பவே தெரியுங்க. நேத்து வந்தேன்னீங்க. அதுக்கு முந்தி மூணு நாளும் பஸ்ஸே ஓடலியே. மரத்த தாண்டி பறந்தா வந்தீங்க?"

"அப்ப ஏன் பாய் வாய் திறக்கல?"

"மில்காரர் எதிர்ல ஒரு வாத்தியார போய் பொய் சொல்றாருன்னு சொல்றதா? சொல்லிட்டு எந்த மூஞ்சோட என் பசங்கள உங்க ஸ்கூலுக்கு அனுப்பறது?"

"அதுக்காக உங்க பேரையா கெடுத்துக்கிட்டீங்க?"

"சூடா இருக்குது, ஆறட்டும்," என்று என் கிளாஸைத் தள்ளிவைத்தார்.

அவர் போய்ப் பல வருஷமாகிறது. அந்த இன்ஜின் இன்னும் ஓடுகிறது. காலையில் கிளப்பும்முன் பானெட்டைத் திறந்து, அவர் தொட்ட இடத்தில் நானும் புறங்கையை வைக்கிறேன்.