புதினக் காக்காவும் எங்கள் ஆகஸ்ட் லீவும்

புதினக் காக்காவின் கையில் ஒரு கருங்கல்லைக் கொடுத்துச் சந்தியில் நிறுத்தினால், அரை மணித்தியாலத்துக்குள் அதைப் பார்க்க ஊர் திரண்டுவிடும். நான் கூட்டிச் சொல்வதாக நினைப்பவர்கள் சாய்ந்தமருதில் வயது போன யாரிடமும் கேட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் எதற்கு, கால் மணித்தியாலம் போதும் என்பார்கள்.

காக்கா என்றால் அண்ணன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவருக்கே மறந்திருக்கும். தொழில் சாறன் வியாபாரம். மருதமுனைத் தறிகளில் நெய்த சாறன்களை மூட்டையாகக் கட்டிச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு, கரையோரமாக அக்கரைப்பற்று வரைக்கும், உள்ளே சொறிக்கல்முனை வரைக்கும் வீடு வீடாகப் போவார். போன இடத்தில் சாறன் விற்றாரோ இல்லையோ, திரும்பும்போது ஒரு புதினத்தோடு வருவார். எங்கள் பக்கத்தில் புதினம் என்றால் செய்தியும்தான், அதிசயமும்தான். அவருக்கு இரண்டும் ஒன்று. ஒருநாள் வந்து, "மேற்கு வளவு ஆடு மூணு குட்டி போட்டிரிக்கி தம்பி. அதுல மூணாவது குட்டி ஆரையும் மதிக்குதில்ல" என்றார். நான் படித்தவன், உத்தியோகக்காரன், ஆட்டுக்குட்டி பார்க்கப் போவேனா? போனேன். அது உண்மையிலேயே என்னை மதிக்கவில்லை.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. காட்டியதைத் திரும்பக் காட்டமாட்டார். "ஒருக்காப் பாத்தா புதினம் தம்பி. ரெண்டாந்தரம் பாத்தா அது வேல" என்பார்.

இந்தச் சட்டத்தில் எங்கள் குடும்பம் மாட்டிக்கொண்டது எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆகஸ்ட் லீவில்.

எங்கள் கரையில் வீடு பெண்ணோடு போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், சாய்ந்தமருதில் மாமா கட்டித் தந்த சீதன வீட்டைப் பூட்டிவிட்டு, பெண்ணைப் பதுளைக்கு அழைத்துப் போய் அரசாங்க குவாட்டர்ஸில் வைத்தேன். ஊரில் எனக்கு வேறு பெயரே இல்லை. "ஊட்டப் பூட்டிப் போட்டுப் பொண்டாட்டிய மலைக்கி ஏத்தினவன்" என்றால் சின்னப்பிள்ளையும் என் முகத்தைப் பார்க்கும். அந்த வீடு ஆகஸ்டில் மட்டும் திறக்கும். மற்ற மாதமெல்லாம் அதன் பூட்டுத் திறப்பு என் மனைவியின் முந்தானை முடிச்சில் கிடக்கும். பதுளைக் குளிரில் வெங்காயம் உரித்துக்கொண்டே அந்த முடிச்சை ஒரு கையால் தடவிப் பார்ப்பாள்.

அந்த வருடம் வந்து மூன்றாம் நாள், ஏழு வயது றியாஸ் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"வாப்பா, கடல் போன வருசமும் பாத்த. அதுக்கு முந்தின வருசமும் பாத்த. அது அப்பிடியேதான் இரிக்கி. அடுத்த லீவுக்குக் கொழும்புக்குப் போவம். மிருகக்காட்சிச்சாலையில யானை டான்ஸ் பாப்பம்."

ஐந்து வயது நஸீறாவும், "ஓம், யானை" என்றாள்.

எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசைதான். மாமனார் ஊரில் மாப்பிள்ளை ஒரு பொழுதும் சாறனை அவிழ்த்துக் கட்டிக்கொண்டு நிம்மதியாகப் படுக்க முடியாது. ஆகவே பெரிய நீதவான்போல, "சரி, போற நாள் புள்ளயள்ட கேப்பம். அதுகள் சொல்றதுதான் முடிவு" என்றேன். மனைவி சோற்றுப் பானையை மூடியினால் மூடிய சத்தம் மூன்று வளவுக்குக் கேட்டிருக்கும்.

அன்று பின்னேரம் புதினக் காக்கா சாறன் மூட்டையோடு படலையைத் திறந்தார். மனைவி அவரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டாள்.

"காக்கா, என்ட புள்ளயளுக்கு இந்த ஊர்ல பாக்க ஒண்டுமில்லயாம். நீங்க என்னத்தயாவது காட்டுங்க. இல்லாட்டி அடுத்த வருசம் எனக்கு ஊரும் இல்ல, ஊடும் இல்ல."

காக்கா மூட்டையை அப்படியே நிலத்தில் போட்டார். தொப்பியைச் சரிசெய்தார். மௌத்து நடந்த வீட்டுக்கு வந்தவர்போல் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆரு புள்ள சொன்ன, ஒண்டுமில்லயெண்டு?"

மனைவி பிள்ளைகளைக் காட்டவில்லை, என்னைக் காட்டினாள்.

"தம்பி," என்றார் காக்கா, "கடலக் காட்டினா புள்ளைக்கி அலுக்காம என்ன செய்யும்? கடல் எங்க போகப் போகுது? நாளைக்கி வெள்ளன வாறன். புள்ளயள வெளிக்கிடுத்தி வைங்க. எங்க போற எண்டு மட்டும் கேக்கப்படா."

மறுநாள் றியாஸைச் சைக்கிள் பாரிலும், நஸீறாவைப் பின்னால் சாறன் மூட்டைக்கு மேலும் ஏற்றிக்கொண்டு போனார். நான் வாடகைச் சைக்கிளில் பின்னால் போனேன். முதல் புதினம் நெல் ஆலை. அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய தராசில் பிள்ளைகளை ஏற்றி நிறுத்தார். பிறகு என்னையும் ஏற்றினார். ஆலைக்காரர் படியைப் பார்த்துவிட்டு, "உத்தியோகம் ஒத்துப் போயிரிக்கி" என்றார். ஆலைக்குப் பின்புறம் உமி மலை. தென்னை மரத்தில் பாதி உயரம் இருக்கும். பிள்ளைகள் ஏறுவதும் சறுக்குவதுமாக ஒரு காலை முழுவதும் போனது. அவர்கள் சிரித்த சிரிப்பில் ஆலையின் இரைச்சலே அடங்கிப் போயிற்று என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உமி என்றால் என்னவென்று தெரிந்தது. இரவு முழுவதும் இரண்டும் சொறிந்தன. மனைவி ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் முழுவதையும் தேய்த்து முடித்தாள்.

"எப்பிடி மனே புதினம்?" என்றார் காக்கா அடுத்த நாள்.

"கடிக்குது மாமா" என்றான் றியாஸ்.

"கடிச்சாத்தானே மனே மறக்க மாட்ட. கடல் கடிச்சிச்சா?"

றியாஸ் யோசித்தான். அந்த வாதத்தில் ஏதோ இருப்பதாக அவனுக்குப் பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது புதினத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு வீட்டில் பந்தல் போட்டு, வாழை கட்டி, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. நடுவிலே கதிரையில் ஒரு பையன், பட்டுத் தொப்பி, கழுத்து நிறையப் பூமாலை, கையில் காசு மாலை. மாப்பிள்ளைபோல் இருந்தான். முகம் மட்டும் மாப்பிள்ளை முகமாக இல்லை. அது சுன்னத்துக் கலியாண வீடு. அந்தச் சடங்கைச் செய்கிற ஒஸ்தா மாமா ஒரு மூலையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். றியாஸின் தோளில் அன்பாகக் கையை வைத்தார்.

"இது ஆர்ர புள்ள? இவருக்குச் செஞ்சாச்சா?"

புதினக் காக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவருடைய வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான் குறை.

"இன்னம் இல்ல மாமா. பதுளையில இரிக்காங்க. சும்மா பாக்க வந்த."

பூமாலைப் பையனையும் ஒஸ்தா மாமாவையும் ஒரு தடவை பார்த்தான் றியாஸ். அடுத்த கணம் அவன் அங்கே இல்லை. பந்தலுக்குக் கீழாக, சமையல் கிடாரங்களுக்கு இடையாக, வேலிப் பொட்டு ஓட்டைக்குள்ளால் போனவனை நானும் காக்காவும் இரண்டு சைக்கிளில் துரத்தியும் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தபோது அலுமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"உம்மா! கொழும்புக்குப் போவம்! இப்பவே போவம்!"

மனைவி காக்காவைப் பார்த்த பார்வையில் அவர் தேங்காய்ப்பால் கஞ்சிக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். அந்த வீட்டில் அவர் குடிக்காமல் போன ஒரே கஞ்சி அது.

இரண்டு நாள் ஆளைக் காணவில்லை. அவர் தலைமறைவாகிவிட்டார் என்று நான் நினைத்தேன். மூன்றாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு படலைக்கு வெளியே சைக்கிள் மணி அடித்தது. உள்ளே வரத் துணிவில்லாமல் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "புள்ள, இண்டைக்கிக் கத்தி இல்லாத இடம். வல்லாஹி, சத்தியமா!" என்றார்.

அது கரைவலை. கடல் புதினமில்லை, கடலுக்குள்ளிருந்து வருவதுதான் புதினம் என்று தன் பழைய கொள்கைக்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஆட்கள் அம்பாப் பாட்டுப் பாடிக்கொண்டு கயிறு இழுக்க, நடுவில் என் பிள்ளைகளும் பிடித்தார்கள். குதிகால் மணலில் புதையப் புதையப் பின்னால் நடந்தார்கள். வலை கரை சேர்ந்ததும் கயிற்றில் கைவைத்தவர்களுக்கெல்லாம் கறிக்கு மீன் கொடுப்பது வழக்கம். நஸீறா தன்னுடைய பங்கு தனியாக வேண்டும் என்று அடம்பிடித்து, ஐந்தாறு சாளை மீன்களைப் பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்தாள். பொரிக்கக் கேட்ட உம்மாவுக்குக் கொடுக்கவில்லை. எங்கே வைத்தாள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து ஜும்ஆத் தொழுகைக்குப் போக நான் சப்பாத்தில் காலை விட்டபோது எனக்குத் தெரிந்தது.

ஆனால் பிள்ளைகள் அலுமாரியையும் கொழும்பையும் மறந்து, படலை ஓசைக்குக் காத்திருக்கத் தொடங்கியிருந்தார்கள். மனைவியின் கண் என்னைக் கேள்வி கேட்பதை நான் கவனிக்காததுபோல் பேப்பர் வாசித்தேன்.

கடைசிப் புதினத்துக்கு ட்ரெக்டர் பெட்டியில் ஏறி உள்ளே வயல் வட்டைக்குப் போனோம். அங்கே ஒரு போடியாரின், அதாவது பெரிய வயற்சொந்தக்காரரின், களவெட்டி என்கிற நெற்களத்தில் சூடடித்துக்கொண்டிருந்தார்கள். ட்ரெக்டர் கதிர்ப் போருக்கு மேல் சுற்றிச் சுற்றி வர, நெல் பிரிந்து குவிந்துகொண்டிருந்தது. போடியார் மலைபோல் உயரம், இடிபோல் குரல். காக்கா எங்களைச் செருப்புக் கழற்றச் செய்தார். களவெட்டிக்குள் கால் வைக்க முன் பிள்ளைகளிடம் குனிந்து, "இதுக்குள்ள கண்டபடி கதைக்கப்படா. எண்ணப்படா. இல்லையெண்டு சொல்லப்படா. விளங்கிச்சா?" என்றார்.

விளங்கியது. ஒரு மணித்தியாலம் விளங்கியது. வெயில் ஏறியதும் நஸீறாவுக்குப் பசி வந்தது. போடியார் குவியலின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ட்ரெக்டர் சற்று ஓய்ந்த அந்த நேரம் பார்த்து, வட்டை முழுவதும் கேட்க அவள் காக்காவைப் பார்த்துக் கத்தினாள்.

"மாமா! எல்லாம் முடிஞ்சா? ஊட்ட போவமா?"

அந்த இடத்தில் சொல்லக்கூடாத சொற்களில் அதைவிடக் கூடாத சொல் இல்லை. நெல் குவிகிற இடத்தில் முடிந்தது என்று ஒருவர் வாயிலிருந்து வரலாமா? சுளகு பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். ட்ரெக்டர்க்காரர் பீடியை எறிந்தார். போடியார் மெதுவாகத் திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு வருசத்துப் பாடு, ஒரு மனிதனுடைய நெல், என் பிள்ளையின் ஒரு வார்த்தை.

புதினக் காக்கா நஸீறாவை ஒரே தூக்காகத் தூக்கிக் குவியலுக்கு முன்னால் நிறுத்தினார்.

"மகள், இஞ்ச முடியிற ஒண்டுமில்ல. கூடுறது மட்டுந்தான். இதுக்குள்ள என்ன சொல்லோணும் தெரியுமா? பொலி! எங்க, சத்தமாச் சொல்லுங்க பாப்பம்!"

"பொலி!" என்றாள்.

"போடியாருக்குக் கேக்கல்ல!"

"பொலி! பொலி! பொலியோ பொலி!"

சொல்ல ஆரம்பித்தவளை நிறுத்த முடியவில்லை. குவியலுக்குச் சொன்னாள், ட்ரெக்டருக்குச் சொன்னாள், வரம்பில் நின்ற கொக்குக்குச் சொன்னாள். கடைசியில் போடியாரின் வயிற்றைச் சுட்டிக்காட்டியும் "பொலி!" என்றாள். போடியாருக்கு முதலில் மீசை ஆடியது. பிறகு வயிறு ஆடியது. பிறகு முழு ஆளும் சிரித்தார். களவெட்டியே சிரித்தது. பொழுது சாயும்போது குவியல் நன்றாகத்தான் இருந்தது. பிள்ளையின் வாய்தான் காரணம் என்று போடியார் ஒரேயடியாகச் சாதித்து, எங்களைக் கொஞ்சத்தில் போகவிடவில்லை.

போகும் நாள் வந்தது. காலையில் மனைவி பேசாமல் உடுப்புகளை அடுக்கினாள். பிள்ளைகளிடம் கேட்கிறேன் என்று நான் கொடுத்த வாக்கை அவளும் ஞாபகப்படுத்தவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு பேருக்கும் பயம். வீட்டைப் பூட்டித் திறப்பை முந்தானையில் முடிந்தபோது அவள் ஒரு முடிச்சுக்கு இரண்டு முடிச்சாகப் போட்டதைப் பார்த்தேன். கொழும்பு யானை எனக்கு அப்போதே வெறுத்துப் போயிற்று.

கல்முனை பஸ் நிலையத்தில் புதினக் காக்கா முன்னமே வந்து நின்றார். சாறன் விற்க வந்ததாகச் சொன்னார். கரியரில் மூட்டை இல்லை.

"புள்ளயள்ட கேட்டயா தம்பி?" என்று என் காதருகே கேட்டார்.

"இன்னம் கேக்கல்ல காக்கா."

பதுளை பஸ் வந்தது. சனம் முண்டியடித்தது. நான் ஒரு கையில் பெட்டியும் மறு கையில் பிள்ளையுமாக, யோசியாமல், "சரி சரி, லீவு முடிஞ்சு. கெதியா ஏறுங்க" என்றேன்.

நஸீறா பாய்ந்து என் வாயைத் தன் சின்னக் கையால் பொத்தினாள்.

"வாப்பா! அப்பிடிச் சொல்லப்படா!"

"பொலி எண்டு சொல்லுங்க வாப்பா" என்றான் றியாஸ், ஒஸ்தா மாமாவையே மன்னித்துவிட்டவனாக. "அப்பதான் அடுத்த வருசமும் வரும்."

பஸ் நிலையமே எங்களைப் பார்த்தது. மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முந்தானை முடிச்சைப் பிடித்திருந்த கை மட்டும் எனக்குத் தெரிந்தது.

"பொலி" என்றேன்.

புதினக் காக்கா சைக்கிள் மணியை அடித்தார். பஸ் நகர்ந்து, திரும்பி, மறையும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தார். சம்மாந்துறை தாண்டிய பிறகும் அந்த மணி என் காதில் கேட்டது.

அடுத்த ஆகஸ்டில் வீட்டைத் திறந்த அன்றே வந்து நின்றார். அதற்கடுத்த ஆகஸ்டிலும். அதற்கடுத்ததிலும். ரெண்டாந்தரம் பார்த்தால் வேலை என்பது அவருடைய சட்டம். அவரை நாங்கள் எத்தனையோ தரம் பார்த்தோம். எனக்கு ஒரு நாளும் அலுக்கவில்லை.