வட்டாரம் அண்ணையின் உறுதிப்படுத்தப்படாத செய்திகள்

எழுபது வயது வரை ஒரு வாக்கியத்துக்குக்கூடப் பொறுப்பேற்காமல் வாழ்ந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். அவர் உடுவிலில், எங்கள் ஒழுங்கை பெருந்தெருவில் ஏறும் முகப்பில் இருக்கிறார். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றில் செய்தி எழுதியவர். எதைக் கேட்டாலும் “வட்டாரங்கள் தெரிவிக்கின்றன” என்பார். அதனால் வட்டாரம் அண்ணை.

அந்தக் காலத்துப் பத்திரிகைத் தமிழை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தாள் தட்டுப்பாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சடித்தார்கள். அதிலும் ஒருவரும் ஒருவரையும் சுடமாட்டார்கள், சூடு ‘நடத்தப்படும்’. சந்தையில் குடை தொலைவதுபோல ஆட்கள் ‘காணாமற்போவார்கள்’. ஊருக்கே பெயர் தெரிந்தவர்கள் ‘இனந்தெரியாதோர்’. எல்லாம் முடிந்ததும் நிலைமை ‘வழமைக்குத் திரும்பும்’.

யுத்தம் முடிந்தது; பத்திரிகைகளும் வேறு சொற்களுக்குப் போய்விட்டன. அண்ணை போகவில்லை. தெப்பமாக நனைந்து வந்து “மழை பெய்வதாக அறியப்படுகிறது” என்பார். கறியில் உப்புக் கூடினால் “பொதுமக்கள் விசனம் தெரிவிக்கின்றனர்” என்பார். சாப்பிடுவது அவர் ஒருவர்தான். அவருடைய நாய் என்னைக் கடித்தபோது “இனந்தெரியாத நாய் ஒன்று” என்றார். சங்கிலி அவர் கையில் இருந்தது.

இதையெல்லாம் பொறுத்தேன். போன வருடம் என் மகள் வதனிக்கு அளவெட்டியில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. அவளுக்கும் பொடியனைப் பிடித்திருந்தது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய் அயலில் விசாரிக்க வந்தார். ஒழுங்கையில் முதல் வீடு யாருடையது? விதி.

“பிள்ளை எப்பிடி?” என்று கேட்டிருக்கிறார்.

“நல்லவர் எனத் தெரிவிக்கப்படுகிறது. எனினும் சுயாதீனமாக உறுதிப்படுத்த முடியவில்லை.”

“வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?”

“அசம்பாவிதங்கள் எதுவும் பதிவாகவில்லை. தற்போது நிலைமை வழமைக்குத் திரும்பியுள்ளது.”

பின்னேரமே தரகர் போன் எடுத்தார். “அவை வேண்டாமாம். வழமைக்குத் திரும்பமுதல் என்ன நடந்ததெண்டு கேக்கினம்.”

வதனி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு முகப்புக்கு நடந்தேன்.

“அண்ணை, நீங்கள் தூக்கி வளத்த பிள்ளை. நல்ல பிள்ளையெண்டு ஒரு சொல்லு உங்கடை வாயிலை வராதோ?”

“தம்பி, எங்கடை பேப்பர்க் கந்தோரிலை நேரை எழுதினவன் ஒருத்தனும் உயிரோடை மிஞ்சேல்லை. நான் ‘தெரிவிக்கப்படுகிறது’ எண்டு எழுதித்தான் மிஞ்சினனான்.”

“சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம், அண்ணை?”

“அப்பிடித்தான் தெரிவிக்கப்படுகிறது,” என்றார்.

அடிக்கப் போனவனுக்குக் கை எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவர் சைக்கிளில் அளவெட்டிக்குப் போனது எனக்குத் தெரியாது. வேண்டாமென்றவர்கள் அன்று பின்னேரமே சம்மதம் சொன்னதுதான் தெரியும். கலியாண வீட்டில் சம்பந்தியம்மாதான் சொன்னார். வாசற் படலையைப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய நின்றாராம். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தவருக்குத் தண்ணீர் கொடுத்தார்களாம். கடைசியில் சொன்னாராம்:

“வதனி நல்ல பிள்ளை. நான் சொல்லுறன். என்ரை பேரைப் போட்டுக்கொள்ளுங்கோ.”

யுத்தம் முழுக்க ஒரு செய்தியிலும் பெயர் போடாத மனிதர்.

கலியாணத்தன்று சாப்பாடு எப்படி என்று கேட்டேன். “விருந்து சிறப்பாக இடம்பெற்றதாக அறியப்படுகிறது,” என்றார், இலையில் மூன்றாந்தரம் பாயசம் வாங்கிக்கொண்டு. திருந்தாத சென்மம்.

ஆனால் நல்ல மனிதர். இதை எந்த வட்டாரமும் தெரிவிக்கவில்லை, நான் சொல்கிறேன்.