'ஏ' என்பவர் நடராசன்தான்

அன்புமிக்க மச்சான் நெடுஞ்செழியன் அவர்களுக்கு, ரெத்தினம் எழுதிக்கொள்வது.

இங்கே நான், உங்கள் அக்கா செந்தாமரை, உங்கள் மருமகள் பூவிழி, இரண்டு மாடுகள், ஒரு மோட்டார் ஆகிய அனைவரும் சௌக்கியம். மோட்டாருக்கு மட்டும் நேற்றுதான் சௌக்கியமானது. ஆற்றில் தண்ணீர் வந்து நான்கு நாளாகிறது. சென்னையில் உங்கள் சௌக்கியத்தையும் உங்கள் கோர்ட்டுக் கட்சிக்காரர்களின் சௌக்கியத்தையும் அறிய ஆவல். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனை எடுத்தால் உங்கள் அக்கா வாங்கிக்கொள்கிறாள். மேலும், முப்பத்தொரு வருடம் கிராம நிர்வாக அலுவலராக இருந்தவனுக்கு எழுத்தில் இல்லாத எதுவும் நடந்த மாதிரியே தோன்றுவதில்லை.

விஷயம் இதுதான். பூவிழி சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வை இன்னொரு முறை எழுதட்டும் என்று நீங்கள் இதுவரை மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். எழுதுவதில்லை என்று நேற்று இந்த வீட்டில் முடிவாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தஞ்சாவூரில் பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்கிறாள். இதைச் சோர்ந்துபோய் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு நேற்றிலிருந்து புல்லரித்தபடி இருக்கிறது. நம் குடும்பம் ஒரு கொள்கைக்காக எதையாவது இழப்பது இதுவே முதல் முறை.

கடைசிப் பட்டியல் போன வாரம் வந்தது. திருச்சிக் கல்லூரியில் கடைசியாக நுழைந்த பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் மூன்றேகால் மதிப்பெண் வித்தியாசம். எங்கே போயிற்று அந்த மூன்றேகால் என்று டிசம்பரில் எழுதிய கேள்வித்தாளை எடுத்துவைத்துக்கொண்டு நானும் அவளும் தேடினோம். ஒரே ஒரு பத்தியில் ஐந்து கேள்வி, ஐந்தும் தப்பு, தப்புக்குக் கால் மதிப்பெண் பிடித்தம் வேறு, ஆக ஆறேகால் அங்கே முழுகிக் கிடந்தது. அந்தப் பகுதியில் அவர்களே ஒரு விதியைக் கொடுப்பார்களாம், அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். விதி என்னவென்றால், மேட்டு நிலத்து மழைநீர் பள்ளத்து நிலத்துக்கு இயல்பாக வழிந்து ஓடினால் மேட்டுக்காரர் அதற்குப் பொறுப்பில்லை. 'ஏ' என்பவருக்கு மேட்டில் வயல். 'பி' என்பவருக்குப் பள்ளத்தில் வயல். அடைமழை பெய்கிறது, தண்ணீர் இறங்குகிறது, 'பி'யின் பயிர் அழுகுகிறது. 'ஏ' பொறுப்பா?

மூன்றாவது வரி வருவதற்குள் நம் பிள்ளை 'ஏ' யார் என்று கண்டுபிடித்துவிட்டது. வேறு யார், நம் மேலண்டை வயல் நடராசன்தான். மூன்று வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் மண்வெட்டியோடு வந்து வரப்பை வெட்டிவிட்டு, நம் சம்பா நடவைப் பதினொரு நாள் தண்ணீருக்குள் போட்டுக் கூழாக்கினாரே, அவரேதான். அன்றைக்கு என்னோடு முழங்கால் தண்ணீரில் நின்றவள் பூவிழி. தேர்வு அறையில் அவர் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றதாம். ஐந்து கேள்விக்கும் 'ஏ'வைக் குற்றவாளி என்று வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்திருக்கிறாள். ஐந்தாவது கேள்வி, 'ஏ' நல்லெண்ணத்தோடு நடந்துகொண்டவரா என்பது. அதற்கு யோசிக்கவே இல்லையாம்.

"ஒண்ணு ரெண்டையாவது மாத்திப் போட்டிருக்கக் கூடாதா பாப்பா?" என்றேன். பதில் அடுப்படியில் இருந்த உங்கள் அக்காவிடமிருந்து வந்தது.

"எதுக்கு மாத்தணும்? நம்ம பயிரு அழுவுனது பொய்யா?"

செய்தி டீக்கடை வழியாக நடராசனுக்குப் போய்ச் சேர அரை நாள் ஆயிற்று. வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தார். "என்ன தம்பி, நான் செஞ்சதுல தப்பில்லன்னு டெல்லியிலேயே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்களாமே. அந்தப் பேப்பர குடுங்க, ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கறேன்" என்றார். நகல் கேட்டு வந்தவருக்கு நான் ஒருநாளும் நகல் மறுத்ததில்லை. பழக்கதோஷம், கொடுத்துவிட்டேன். அன்றைக்கு உங்கள் அக்கா எனக்குச் சோறு போட்டாள். குழம்பு ஊற்றவில்லை. நகலை அவர் லேமினேஷன் செய்து வைத்திருப்பதாகக் கேள்வி.

"நடராசன் பண்ணது சரின்னு எழுதுனாதான் எம்பொண்ணு வக்கீலாவ முடியும்னா, அந்த வக்கீல் உத்தியோகமே வேணாங்க" என்று உங்கள் அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பூவிழி வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவளின் பின்னாலேயே போய் நான்தான் கேட்டேன். "எழுதணும்னு ஆசையாத்தாம்பா இருக்கு. அத விட்டா வேற எதுவும் படிக்கத் தோணல. ஆனா இதே மாதிரி கேள்வி வந்தா மறுபடியும் இதையேதான் போடுவேன். கை வராதுப்பா. அதுக்கு ஒரு வருசத்த எதுக்கு வீணாக்கணும்?" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. மாடு குடித்து முடித்து வெகுநேரமாகியும் வாளியைப் பிடித்தபடியே நின்றாள். மச்சான், இவ்வளவு நேர்மையான பிள்ளை வக்கீலாக முடியாமல் போவதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொழிலைக் குறைவாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே, அவளுக்குப் புத்தி சொல்ல ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்த பயணத்தைத் தயவுசெய்து ரத்து செய்யவும். தங்கச்சிக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். நீங்கள் எடுத்து நடத்தும் வழக்குகள் யாவும் ஜெயிக்கட்டும், முடிந்தால் அவற்றில் நியாயமும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ரெத்தினம்

பின்குறிப்பு: மேலே கண்ட அனைத்தும் ரத்து.

உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நடராசன் லேமினேஷனோடு வந்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் பூவிழியிடமே நீட்டி, "நீயே தமிழ்ல படிச்சுச் சொல்லு பாப்பா, உங்கம்மா காதுல வுழுற மாதிரி" என்றார். படித்தாள். பாதியில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து, இந்த முறை மெதுவாகப் படித்தாள்.

"பெரியப்பா, இதுல மண்வெட்டியே இல்லையே?"

"என்ன மண்வெட்டி?"

"தண்ணி தானா வழிஞ்சிருக்கு. 'ஏ' பாட்டுக்குச் சும்மா இருந்திருக்காரு. வரப்ப வெட்டுனது நீங்க. நீங்க 'ஏ'வே இல்ல பெரியப்பா! இந்த விதிப்படி பாத்தாலும் நீங்க பண்ணது தப்புதான்."

நடராசன் லேமினேஷனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் காலி. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள் உங்கள் அக்கா.

"அப்ப அந்த 'ஏ' நல்லவனாடி?"

"ரொம்ப நல்லவரும்மா. அவரப் போயி அஞ்சு தடவ குத்தவாளின்னு போட்டுட்டு வந்திருக்கேன்" என்று பூவிழி சிரிக்க ஆரம்பித்தாள், நிறுத்த முடியவில்லை. ஒரு வாரமாக இந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை யாரும் தஞ்சாவூர் போகப்போவதில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரவும், பழைய கேள்வித்தாள் எத்தனை கிடைத்தாலும் எடுத்து வரவும். பூவிழிக்கு உங்கள் அக்காவின் உத்தரவு இது: "டிசம்பர்ல போயி மொதல்ல அந்த மனுசன விடுதலை பண்ணிட்டு வா."