நானூறு வருஷத்து உத்தரம்

தன் வயதில் பத்தைக் குறைத்து, தன் வீட்டின் வயதில் முந்நூறைக் கூட்டுகிற ஓர் இனம் உண்டு. தெருமுனை வீட்டுக்காரர் அதில் அசல் வார்ப்பு. மர ஆய்வாளர் அம்மாள் அவர் வீட்டு உத்தரத்தைத் துளைத்து, பென்சில் கனத்துக்கு ஒரு குச்சியை உருவிக் குழாயில் போட்டுக்கொண்டு புறப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலையே வாசலில் கல்வெட்டு ஏறிவிட்டது: 'நானூறு ஆண்டு.'

ஏன் இந்த அவசரம்? ஊரிலேயே பழைய வீட்டுக்கு நகராட்சி பட்டயம் தரப்போகிறது. எதிர்வீட்டில் இருக்கும் மச்சானும் மனுப் போட்டிருக்கிறான்; அவன் வீட்டு உத்தரத்தையும் ஆய்வாளர் துளைத்தாயிற்று. மச்சானிடம் தோற்பதைவிட வீடு இடிந்து விழலாம்.

அவர் வீட்டுக்குப் போயிருக்கிறீர்களா? முதலில் உத்தரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்; பிறகு தட்டிப் பார்க்க வேண்டும்; 'அடேயப்பா' என்ற பிறகுதான் நாற்காலி.

ஆய்வாளர் பொறுமையாகத்தான் சொன்னார். வருஷத்துக்கு ஒரு வளையம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் இருந்தால்தான் மரத்தை வெட்டிய வருஷம் தெரியும். பட்டை எங்கே? முந்தின நாள்தான் தச்சரை அழைத்து, அந்த ஓரத்தை அறுத்து, இழைத்து, வார்னிஷ் அடித்திருந்தார் நம்மவர். பெரிய மனிதர்கள் வரும்போது உத்தரம் அழுக்காக நிற்கலாமா?

"வெட்டும்போதே மரத்துக்கு நூத்தம்பது வயசு இருக்கும்னாங்க. அதையும் வீட்டோட சேர்த்துக்கணும்" என்றார் மனைவியிடம்.

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்ப மாப்பிள்ளையா வந்தன்னிக்கு உங்களுக்கு இருந்த வயசையும் சேர்த்துக்கலாம். அந்தக் கணக்குல நமக்குக் கல்யாணமாகி அறுபத்திமூணு வருஷம்."

அறுத்துப் போட்ட ஓரத்துண்டு, பட்டையும் அதுவுமாக, ஆடுகிற அலமாரிக் காலுக்கு முட்டாகியிருந்தது. ஆய்வாளர் படியிறங்கும்போது அதை உருவி அவர் கையில் கொடுத்தது மனைவிதான். அலமாரி அன்றிலிருந்து ஆடுகிறது. அண்ணாந்தே நடப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

சிரிக்காதீர்கள். "எங்க பரம்பரையிலே..." என்று நீங்கள் கடைசியாக ஆரம்பித்தது எப்போது? அப்போது உங்கள் வீட்டில் யார் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்?

ஏழு மாதம் கழித்து நம்மவர் கைப்பேசிக்கு ஆய்வாளரிடமிருந்து செய்தி வந்தது. கல்வெட்டைத் துடைத்துக்கொண்டே படித்தார்.

'உங்கள் மனைவி தந்த துண்டில் பட்டை முழுசாக இருந்தது. மரம் வெட்டப்பட்டு எண்பத்தெட்டு வருஷம் ஆகிறது. எதிர்வீட்டு உத்தரமும் இதே மரத்தில் அறுத்ததுதான்.'