எடைமேடையில் ஏறிய பதினோரு கார்கள்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் மொத்தம் பதினைந்து பேர். கார் ஓட்ட வந்தவர்கள் பதினோரு பேர்: கார் ரேஸ் கிளப்பின் தலைவர் பாஸ்கர், ஸ்கூல் வேன் ஓட்டும் ஜெயந்தி அக்கா, என் மனைவியின் அண்ணன் முனிரத்தினம், இன்னும் எட்டுப் பேர். எலுமிச்சை சாதத் தூக்கோடு என் மனைவி சுமதி. வழியோடு போன ஒரு லாரி டிரைவர். நாலு மணிக்கு வந்து சேர்ந்த என் முதலாளி சலபதிகாரு. அப்புறம் நான்.

இவ்வளவு கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது சித்தூர் பக்கம் இந்தக் கதையைச் சொல்கிற எல்லாருமே தாங்களும் அங்கே இருந்ததாகத்தான் சொல்கிறார்கள். போன மாதம் டீக்கடையில் ஒருவர் என்னிடமே சொன்னார்: "அந்த எடை போட்டவன் மூஞ்சிய அன்னிக்கி நீ பாத்திருக்கணும் சார்." (பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தினமும் சவரம் செய்கிறேன்.)

கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எட்டாம் வகுப்பில், எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் எத்தனை மணிக்குச் சந்திக்கும் என்று கணக்கு கொடுத்தார்கள். வகுப்பே விடை எழுதிக்கொண்டிருந்தது. நான் எழுந்து, "சார், ரெண்டும் ஒரே தண்டவாளத்துலயா?" என்று கேட்டேன். படிப்பு அந்த வருடத்தோடு முடிந்தது. ரயில்கள் என்ன ஆயின என்று இன்றுவரை தெரியாது.

புத்தலப்பட்டைத் தாண்டி, சித்தூர்–திருப்பதி சாலையில், லாரிகளைச் சரக்கோடு ஏற்றி எடை போடும் எடைமேடை ஒன்றில் எனக்கு வேலை. மாங்காய் லாரி வரும், கிரானைட் லாரி வரும். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்துகொண்டு மைக்கில், "முன்ன வா, இன்னும் கொஞ்சம், நில்லு" என்று சொல்வேன். வெளியே கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி அதைப் புத்தலப்பட்டு வரைக்கும் சொல்லும்.

பக்கத்திலேயே சலபதிகாருவுக்குச் சொந்தமான பெரிய மைதானம். மாங்காய் சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். மற்ற மாதங்களில் நாய்கள் தூங்கும். அங்கேதான் கார் கிளப்பின் வருடாந்தரப் போட்டி. ரேஸ் என்றதும் கார்கள் முட்டி மோதிக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். தார் டிரம்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார். இடிக்காமல் சுற்றி வர வேண்டும், செல்போனில் நேரம் பார்ப்பார்கள். ஆபத்தே இல்லாத விளையாட்டு என்பார் பாஸ்கர். (ஆனாலும் மணல் வாளி, தண்ணீர் டேங்கர், பாம்பு வந்தால் விரட்ட மூங்கில் கழி மூன்றையும் நான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்.)

எனக்கு ஒரே ஒரு ஆசைதான். அந்த கிளப்பில் மெம்பராக வேண்டும். வருடா வருடம் டிரம் உருட்டினேன், டீ வாங்கி வந்தேன், கொடி ஆட்டினேன். மெம்பர் ஆக முடியவில்லை. சொந்தக் கார் இருந்தால்தான் மெம்பர் என்பது விதி. என்னிடம் இருந்தது ஒரு சைக்கிள்.

அதற்கு முந்தைய வருடப் போட்டி சண்டையில் முடிந்திருந்தது. எந்தக் கார் எந்தக் காரோடு போட்டி போடுவது என்று பிரிப்பதை அவர்கள் 'கிளாஸ்' என்பார்கள். எஞ்சினின் சி.சி.யைப் பார்த்துக் கிளாஸ் பிரித்தார்கள். சித்தூர் மெக்கானிக்குகளின் கைராசி, ஆர்.சி. புத்தகத்தில் எண்ணூறு இருக்கும், பானெட்டைத் திறந்தால் ஆயிரத்து இருநூறு இருக்கும். வாய்ச் சண்டை கைச் சண்டையாகி இரண்டு சட்டை கிழிந்தது. "இன்னொரு வாட்டி கலாட்டா ஆச்சுன்னா வேற மைதானம் பாத்துக்கோங்க" என்றுவிட்டார் சலபதிகாரு.

அதனால்தான் பாஸ்கர் என்னிடம் வந்தார். "ஏழுமல, நீ எந்தக் கட்சியும் இல்லாதவன். உன்கிட்ட காரும் இல்ல. நீயே கிளாஸ் பிரிச்சுக் குடு. சண்ட இல்லாம இந்த வருசம் முடிஞ்சா, கார் இல்லன்னாலும் நீ மெம்பரு. நான் பாத்துக்கறேன்."

பத்து நாள் சோறு இறங்கவில்லை. கார் வாங்கிய வருடத்தை வைத்துப் பிரிக்கலாமா? எல்லாமே நாலாவது கை. விலையை வைத்து? வாங்கிய விலையை மனைவியிடமே உண்மையாகச் சொல்லாதவர்கள் என்னிடமா சொல்லப்போகிறார்கள்? பதினோராவது நாள், ஒரு மாங்காய் லாரியை எடைமேடையில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. எடை! ஆர்.சி. பொய் சொல்லும், ஆள் பொய் சொல்வான், எடை பொய் சொல்லாது.

எடைமேடையில் உட்கார்ந்தே காலம் தள்ளியவனுக்கு உலகத்தில் கனமானது எல்லாம் பெரியது, லேசானது எல்லாம் சின்னது. அப்படித்தான் மூன்று கிளாஸ் எழுதினேன். எண்ணூறு கிலோ வரை ஒன்று. ஆயிரத்து நூறு வரை ஒன்று. அதற்கு மேல் ஒன்று. டிரைவரோடு சேர்த்துத்தான் எடை என்று ஒரு குறிப்பும் போட்டேன். (ஒல்லி டிரைவருக்கு அநியாயமாகச் சலுகை கிடைத்துவிடுமே என்ற கவலை.) அந்தக் குறிப்பை எழுதிய பேனாவை இப்போது பார்த்தாலும் முறிக்கத் தோன்றும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. சலபதிகாரு திருப்பதிக்கு மொட்டை போடப் போயிருந்தார். முதலில் மேடையில் ஏறியது என் மச்சான் முனிரத்தினம். கேஸ் சிலிண்டர் பொருத்திய பழைய சின்னக் கார். அதற்குள் மச்சான் உட்கார்ந்தால் காரைப் போட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும்.

"எண்ணூத்திப் பத்து" என்றேன் மைக்கில்.

"மாப்ள, பத்து கிலோதானே? வுடு."

"வுட முடியாது மச்சான். ரூல்ஸு."

"நான் பத்து கிலோ எளைக்கணும்னா ஒரு வருசம் ஆவும். நீ எண்ணூற எண்ணூத்திப் பத்தா மாத்தணும்னா ஒரு நிமிசம் ஆவும். எது சுளுவு, சொல்லு?"

நான் மசியவில்லை. மச்சான் இறங்கி, டிக்கியில் இருந்த ஸ்டெப்னியைக் கழற்றி என் அறை வாசலில் உருட்டிவிட்டார். "இப்ப போடு." எழுநூற்றுத் தொண்ணூறு. விசிலடித்துக்கொண்டே போய்விட்டார்.

அவ்வளவுதான். எடை குறைத்தால் சின்னக் கார்களின் கிளாஸுக்கு இறங்கிவிடலாம், அங்கே ஜெயிப்பது சுலபம் என்பது மற்ற பத்துப் பேருக்கும் அந்த ஒரு விசிலில் விளங்கிவிட்டது. ஸ்டெப்னி, ஜாக்கி, மேட், பின் சீட்டு எல்லாம் இறங்கின. கழற்றியவர்கள் மறுபடி மறுபடி மேடையில் ஏறினார்கள். ஒருவர் பெட்ரோலை உறிஞ்சிக் கேனில் எடுத்தார். ஒருவர் முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னார். (மயங்கி விழுந்தால் எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்று நான் மனசுக்குள் யோசித்துக்கொண்டேன்.) ஜீப்காரர் ஒருவர் கடைசி பத்து கிலோவுக்காக டேஷ்போர்டில் இருந்த பெருமாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தார். "பத்திரமா வெச்சிக்கோ. ரேஸு முடிஞ்சதும் வாங்கிக்கறேன்." பெருமாள் இருந்ததோ கால் கிலோ. மேடை பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். எண் அசையவில்லை. ஜீப்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

தலைவர் பாஸ்கர் தலைவர் மாதிரியே செய்தார். நான்கு கதவுகளையும் கழற்றினார். எங்கள் ஊர்க் கார்களிலேயே பெரிய எஞ்சின் வைத்த கார் அது. நடுக் கிளாஸில் போய் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது.

ஜெயந்தி அக்கா மட்டும் எதையும் கழற்றவில்லை. பிள்ளைகளுக்காக இரும்புச் சட்டம் போட்டு முடுக்கிய சீட்டுகள். கழற்றவும் முடியாது. ஆயிரத்து நூற்று இருபது. ஜீப்புகளோடு பெரிய கிளாஸ்.

அக்கா வேனை நிறுத்திவிட்டு என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார். "தம்பி, ஒண்ணு கேக்கறேன். லாரில கல்லு ஏத்தினா லாரி வேகமாவா போவுது?"

"இல்லக்கா. மெதுவாப் போவும்."

"அப்ப என் வேனு கனமாக் கீதுன்னு வேகமான வண்டிங்களோட ஏன்யா சேத்தே?"

கிளாஸை மொத்தமாகத் தலைகீழாகப் பிரித்து வைத்திருக்கிறேன் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

மணி மூன்று. ஒரு கார்கூட ஓடவில்லை. மைதானம் முழுக்கக் கதவுகளும் சீட்டுகளும் டயர்களும் பரப்பிக் கிடந்தன. ரோட்டில் போன லாரி ஒன்று நின்றது. டிரைவர் இறங்கி வந்து, ஒரு சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: "யம்மா, இந்த ஜீப் சீட்டு இன்னா ரேட்டு?"

சுமதி என் பக்கம் திரும்பி, "இன்னாங்க, குடுத்துடலாமா? இதுல எதுனா ஒண்ணுலயாவது லாபம் பாப்போம்" என்றாள்.

ஸ்டெப்னி யாருடையது என்பதில் முதல் சத்தம் கிளம்பியது. பாஸ்கரின் கதவை யாரோ மிதித்ததில் இரண்டாவது. மூன்றாவது சத்தம் என்னைத் தேடி வந்தபோது, அறைக்கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். கதவிடுக்கில் மைதானம் தெரிந்தது. மெம்பர் ஆசை அங்கேயே செத்தது.

சரியாக அப்போது சலபதிகாரு வந்து இறங்கினார். புது மொட்டை, நெற்றியில் நாமம், கையில் லட்டுப் பை. மைதானத்தைப் பார்த்தார். "ஏமிரா ஏழுமல! தொங்க கார்லு விப்புத்துன்னாரா?" (திருட்டுக் கார்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்.) விஷயம் தெரிந்ததும் குரல் தணிந்தது, கோபம் தணியவில்லை. "ஆறு மணிக்கு மைதானம் காலி. இதுக்கப்பறம் இங்க யாரும் வரக்கூடாது."

ஜெயந்தி அக்கா பேசினார். "ரெண்டு மணி நேரம் கீது இல்ல சார்? ஆளுக்கு ஒரு வாட்டி ஓட்டட்டும். யாரு யாரு நேரம் பக்கத்துல பக்கத்துல வருதோ அவங்க ஒரு கிளாஸு. அப்பறம் ரெண்டாவது வாட்டி ஓட்றதுதான் போட்டி. எடையும் வாணாம், எஞ்சினும் வாணாம்."

நல்ல யோசனை என்று நாலு பேர் தலையாட்டினார்கள். யாராவது சும்மா ஒரு யோசனை சொன்னாலே, அதில் எப்படியெல்லாம் தப்பு நடக்கும் என்று ஓடும் புத்தி என்னுடையது. மேசைக்கு அடியிலிருந்தபடியே கையை நீட்டி மைக்கை இழுத்தேன்.

"மொத வாட்டி வேணும்னே மெதுவா ஓட்டினா?"

கம்பத்திலிருந்து வந்த குரலைக் கேட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அவன் சின்ன கிளாஸுக்குப் போயிடுவான். ரெண்டாவது வாட்டி பறப்பான். அதனால, மொத நேரத்த விட ரெண்டு செகண்டுக்கு மேல கொறைஞ்சா, மேல் கிளாஸுல கடைசி எடம். டிரம்ம இடிச்சா மூணு செகண்டு கூட்டணும். பிரேக்கு புடிச்சிக்கிச்சி, கண்ணுல தூசி வுழுந்துதுன்னு சொன்னா, மொத வாட்டி முடிஞ்ச ஒடனே சொல்லணும், அப்பறம் சொல்லக்கூடாது. கதவு மாட்டாத வண்டி ஓடக்கூடாது. நேத்துலருந்து துன்னாதவரு மொதல்ல எலுமிச்ச சாதம் துன்னணும்."

பத்து நிமிடம் பேசினேன். ஒரு மனிதன் ஒரு காரை வைத்துக்கொண்டு செய்யக்கூடிய அத்தனை தில்லுமுல்லையும் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பும் சொன்னேன். வாழ்க்கையிலேயே முதல் முறையாக என் கவலைகளை யாரோ கைகட்டி நின்று கேட்டார்கள். சலபதிகாரு லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாஸ்கரே, "சரி, ஒத்துக்கறோம்" என்றார்.

மற்றவர்கள் கதவு தேடிக்கொண்டிருக்கும்போதே அக்கா முதலில் ஓட்டிவிட்டார். ஒரு நிமிடம் இருபத்தொரு செகண்ட். கடைசி மூன்று இடங்களில் மச்சானும் அக்காவும் வந்தார்கள். கூடவே, யாரும் எதிர்பாராதபடி, ஒரு நிமிடம் இருபதில் பாஸ்கர். மூன்று பேரும் ஒரே சின்ன கிளாஸ். கேட்டதற்கு, "வண்டி சூடாவல" என்றார். நல்ல வெயில் அன்றைக்கு.

இரண்டாவது ஓட்டத்தில் மச்சான் இரண்டு டிரம்களைக் கட்டிப்பிடித்தார். அக்கா ஒரு நிமிடம் பத்தொன்பதரை. பாஸ்கர் ஒரு நிமிடம் ஒன்பது. இறங்கி, பரிசாக வைத்திருந்த எவர்சில்வர் அண்டாவை நோக்கி நடந்தார்.

மெம்பராக்குகிறேன் என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான். ஆனால் வெளியே கத்திச் சொன்ன நேரத்தையெல்லாம் நான் குறித்துவைத்த தாள் கையில் இருந்தது. "பாஸ்கரண்ணா, பதினோரு செகண்டு கொறைஞ்சிருக்குது. நீங்க மேல் கிளாஸுல கடைசி."

பாஸ்கர் நின்றார். கம்பத்தைப் பார்த்துக் கத்தினார். "மெம்பரே இல்லாதவன் சொல்றத நான் ஏன் கேக்கணும்?"

"அப்ப மெம்பராக்கிட்டுக் கேளு" என்றார் ஜெயந்தி அக்கா, அண்டாவின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே. "எத்தினி பேரு சரின்றீங்க?"

பத்துக் கைகள் உயர்ந்தன. மச்சான் இரண்டு கைகளையும் தூக்கியதைக் கணக்கில் சேர்க்கவில்லை. பாஸ்கர் சுற்றிலும் பார்த்தார், மொட்டைத் தலையோடு முறைத்துக்கொண்டிருந்த சலபதிகாருவைப் பார்த்தார், சிரித்துவிட்டார். பதினோராவது கையும் உயர்ந்தது. "வெளிய வாய்யா மெம்பரு. மேசைக்குக் கீழேயே குடும்பம் நடத்தப் போறியா?"

இன்றைக்கும் எங்கள் கிளப்பில் அந்த முறையில்தான் கிளாஸ் பிரிக்கிறோம். ஒரு சட்டைகூடக் கிழியவில்லை. போன வருடம் குப்பம் டவுனிலிருந்து வந்தவர்கள் விதிகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வீட்டில்தான் மரியாதை இல்லை. நான் இன்னொரு கரண்டி சோறு கேட்டால் சுமதி தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்பாள்: "டிரைவரோடயா, டிரைவர் இல்லாமயா?" என் மகளும் இப்போது கேட்கிறாள்.

மெம்பரான ஐந்தாவது நிமிடம் சலபதிகாரு என் கையில் ஒரு லட்டையும், மெஷின் அன்றைக்கு அடித்துத் தள்ளிய எடை ரசீதுகளையும் கொடுத்தார். பதினோரு கார்கள் அறுபத்து மூன்று முறை ஏறியிருந்தன, முறைக்கு ஐம்பது ரூபாய் கட்டணம். அந்தப் பணத்தை ஆளுக்குச் சமமாகப் பிரிப்பதா, ஏறிய தடவைக்கா, கழற்றிய கிலோவுக்கா என்று ஒவ்வொரு வருடக் கூட்டத்திலும் பேசுகிறோம். "எதையும் கழட்டாதவளுக்கு எந்தக் கிளாஸு?" என்று அக்கா கேட்பார், கூட்டம் கலைந்துவிடும். சலபதிகாருவுக்கு கிளப் தர வேண்டிய பாக்கி, இன்றைய தேதி வரை, மூவாயிரத்து நூற்று ஐம்பது ரூபாய்.