சத்தம் போட்ட காருக்கு முதல் ஆரத்தி

சத்தத்தைக் கேட்டே வண்டியைச் சொல்லிவிடுவேன் என்று நெடுங்காலம் பீற்றிக்கொண்டவள் நான். வேலை வாங்கும் மண்டோரின் மோட்டார் சைக்கிளா, கணக்கெழுதும் கிராணியின் காரா என்று எஸ்டேட் லயத்து வீட்டுக்குள் இருந்தபடியே சொல்வேன். அந்தக் காதுதான் என்னை எங்கள் அசாம் ஜாவா ஊர்க் கோயில் வாசலில் கவிழ்த்தது.

மகன் சேகர் மின்சாரக் கார் வாங்கினான். பூசைக்கு நாள் பார்த்தாயிற்று. முதல் ஆரத்தியைத் தானே எடுப்பதாக அவன் மாமியார் ரவாங்கிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார். (பெற்றவள் நான் கல்லு மாதிரி இருக்கும்போது!) அந்த அம்மாள் வந்து சேர்வதற்குள் நானே முடித்துவிடுவதென்று தட்டோடு முதல் ஆளாகப் போய் நின்றேன்.

"மரத்தடியில வெள்ளைக் காரும்மா. ஆன் பண்ணித்தான் வெச்சிருக்கேன். பூசாரியைக் கூட்டிட்டு வர்றேன், இருங்க" என்று சேகர் உள்ளே போனான்.

நானாவது இருப்பதாவது!

மரத்தடியில் இரண்டு வெள்ளைக் கார்கள். ஒன்று பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. மற்றது உறுமிக்கொண்டிருந்தது. வண்டிப் பூசையின்போது இன்ஜின் ஓட வேண்டும் என்பது எங்கள் வழக்கம். பிறகென்ன யோசனை? உறுமியதற்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சூடம் ஏற்றி மூன்று சுற்று சுற்றிவிட்டு, தேங்காயை ஓங்கிப் போட்டேன்.

கார்க் கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடிக்குள் ஏர்கோன் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்த சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, ஒருவர் கண்ணைக் கசக்கியபடி இறங்கினார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வாங்கி விற்கிறவர். எஸ்டேட் தமிழ் அத்துப்படி.

"அம்மா, இது என் காடி லா. வாங்கிப் பத்து வருசம் ஆச்சு."

அதற்குள் பூசாரியோடு சேகர் வந்துவிட்டான். சம்பந்தியம்மாளும் சரியாக அந்த நேரத்தில்தானா வந்து இறங்க வேண்டும்!

"நம்ம கார் பக்கத்துல நிக்குதேம்மா" என்றான் சேகர்.

"சத்தமே காணோமேடா."

"அதுக்குச் சத்தம் கிடையாதும்மா."

சம்பந்தியம்மாள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையிலிருந்த தட்டை மெதுவாக வாங்கினார்.

"குடுங்க சம்பந்தியம்மா. சூடம் அணையறதுக்குள்ள நம்ம காருக்கும் காட்டிடுறேன்."

முதல் ஆரத்தி போயிற்று. தவுக்கே மட்டும் என்னிடம் பயபக்தியோடு, வண்டியைப் பழத்தின் மேல் ஏற்ற வேண்டுமா என்று கேட்டு, நான்கையும் நசுக்கிவிட்டுக் கும்பிட்டுப் போனார்.

அந்த வருடம் அவருக்கு வியாபாரம் நன்றாக நடந்ததாம். புது லோரி எடுத்ததும் என் வீட்டைத் தேடி வந்துவிட்டார், நான்தான் ஆரத்தி எடுக்க வேண்டுமென்று. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் தவுக்கேயம்மா என்று பெயர். மருமகளே சில நேரம் வாய் தவறி அப்படிக் கூப்பிடுகிறாள்.

கூப்பிடட்டுமே. சம்பந்தியம்மாளுக்கு வாய்த்தது ஒரு கார். எனக்கு இதுவரை மூன்று லோரி.